ரங்கூன் கிடங்கு வெடிப்பு: தீயணைப்பாளர்களுக்கு விலகவும் கற்பிக்க வேண்டியது ஏன்?

மியன்மாரின் மிகப்பெரிய நகரமும், தமிழர்கள் இன்றும் ரங்கூன் என்றே அழைப்பதுமான யாங்கோனில், 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29ஆம் தேதி அதிகாலை, மிங்கலா தவுங் நியுன் பகுதியில் இருந்த ஒரு கிடங்கு வளாகத்தில் தீப்பிடித்தது. தகவல் கிடைத்து விரைந்த தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, அங்கு சேமிக்கப்பட்டிருந்த வேதிப்பொருட்கள் பெரும் சத்தத்துடன் வெடித்துச் சிதறின.

குறைந்தது 17 பேர் உயிரிழந்ததாக அன்றைய முதற்கட்டச் செய்திகள் தெரிவித்தன. பின்னர் இந்த எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. இறந்தவர்களில் தீயை அணைக்கச் சென்ற வீரர்களும் அடங்குவர். கிடங்கு இருந்த இடத்தில் பெரும் பள்ளம் ஒன்றே எஞ்சியது. சுற்றியிருந்த வீடுகள் தரைமட்டமாயின.

இந்தச் சம்பவம் மியன்மாருக்கு மட்டும் உரியது அல்ல. மும்பை, டெக்சாஸ், தியான்ஜின், பெய்ரூட், சிட்டகாங் என்று பல இடங்களில் இதே வரிசையில் நிகழ்வுகள் நடந்துள்ளன. முதலில் சாதாரணமாகத் தோன்றும் ஒரு தீ. அதை அணைக்க வந்து சேரும் ஒரு குழு. சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் ஒரு பெருவெடிப்பு. தீயை எவ்வாறு நெருங்குவது என்பதோடு, எப்போது நெருங்கக் கூடாது என்பதையும் பயிற்சியின் மையத்தில் வைக்க வேண்டும் என்பதே இவை அனைத்தும் உணர்த்தும் பாடம்.

மூங்கில் வீடுகளின் காலத்து உத்தி

மியன்மாரின் தீயணைப்பு ஏற்பாடு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் முழுநேரத் தீயணைப்புப் படை ஒன்று. அதற்குத் துணையாக, வட்டாரந்தோறும் அமைக்கப்பட்டுள்ள தொண்டர்களைக் கொண்ட துணைப் படை மற்றொன்று. தீ விபத்தை அறிவிக்க அந்நாட்டில் 191 என்ற தொலைபேசி எண் பயன்படுகிறது.

மியன்மாரின் ஊர்களிலும் நகர வட்டாரங்களிலும் வீட்டு வாசல்களில் சில பொருட்களைக் காண முடியும். நீண்ட கம்பின் நுனியில் பொருத்தப்பட்ட இரும்புக் கொக்கி, தீயை அடித்து அணைக்கும் மட்டை, மணல் மூட்டை, தண்ணீர் நிரப்பிய வாளி ஆகியவையே அவை. தீத்தடுப்புக்காக இவற்றை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருக்குமாறு அதிகாரிகள் வலியுறுத்தி வந்துள்ளனர்.

மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டப்பட்ட வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இந்தக் கொக்கியின் பயன் பெரிது. எரியும் வீட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வீட்டின் கூரையைக் கொக்கியால் இழுத்துப் பிரித்து, தீ தாண்ட முடியாத இடைவெளி ஒன்றை உருவாக்குவதே அதன் வேலை. இழந்ததை இழந்ததாக ஏற்றுக்கொண்டு, இன்னும் காப்பாற்றக் கூடியதைக் காப்பாற்றுவது என்ற கோட்பாடு இந்த எளிய கருவியில் அடங்கியுள்ளது.

ஆனால் நகரம் மாறிவிட்டது. மூங்கில் வீடுகள் இருந்த இடங்களில் மாடிக் கட்டடங்களும், அவற்றுக்கிடையே கிடங்குகளும் எழுந்தன. எரியும் பொருள் மரமும் ஓலையும் மட்டுமாக இருந்தபோது, தீயின் போக்கைக் கண்ணால் பார்த்தே கணிக்க முடிந்தது. பூட்டிய கிடங்கினுள் பீப்பாய்களிலும் மூட்டைகளிலும் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது.

நெருக்கமான நகரம்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கட்டங்கட்டமாக வகுக்கப்பட்ட ரங்கூனின் மையப்பகுதியில், எண்களால் அழைக்கப்படும் குறுகிய தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். அவர்களது வழித்தோன்றல்கள் பலர் இன்றும் மையப்பகுதியிலும் அதை ஒட்டிய வட்டாரங்களிலும் வாழ்கின்றனர்.

ரங்கூன் மத்திய ரயில் நிலையம் அமைந்திருப்பதும் வெடிப்பு நிகழ்ந்த மிங்கலா தவுங் நியுன் நகரியத்தில்தான். கிடங்கும் குடியிருப்பும் அருகருகே அமைந்த இத்தகைய இடங்களில், ஒரு வெடிப்பின் விளைவு கிடங்கின் மதிலோடு நின்றுவிடுவதில்லை. 2011இல் உயிரிழந்தவர்களிலும் காயமடைந்தவர்களிலும் அப்பகுதியில் வசித்த பொதுமக்கள் இருந்தனர்.

வேதிப்பொருட்களின் அபாயங்களைத் தடுப்பதற்கான சட்டம் ஒன்று மியன்மாரில் 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தீயணைப்புப் படைக்கான புதிய சட்டம் 2015இல் வந்தது. எனினும், சட்டத்தின் ஏட்டில் உள்ள விவரம், நள்ளிரவில் வண்டியேறும் குழுத் தலைவரின் கைக்கு எட்டுகிறதா என்பதே களத்தில் முக்கியமாகும் கேள்வி.

மும்பை 1944: தெரிந்திருந்தும் தீராத சிக்கல்

இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14ஆம் தேதி தீயணைப்பு வீரர்கள் நினைவுகூரப்படுகின்றனர். தமிழ்நாட்டில் இது தீத்தொண்டு நாளாக அனுசரிக்கப்படுகிறது. 1944ஆம் ஆண்டு அதே நாளில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற சரக்குக் கப்பல் வெடித்ததே இதற்குக் காரணம்.

அக்கப்பலில் பஞ்சுப் பொதிகளும், சுமார் 1,400 டன் வெடிபொருட்களும் ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் பஞ்சில் தீ கண்டுபிடிக்கப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் பெருமளவு தண்ணீரைக் கப்பலின் அடித்தளத்துக்குள் பாய்ச்சினர். பொதிந்து கிடந்த பஞ்சின் உள்ளே கனன்ற தீயைத் தண்ணீர் சென்றடையவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பும், அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது வெடிப்பும் நிகழ்ந்தன. 66 தீயணைப்பு வீரர்கள் உள்பட நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, கப்பலில் வெடிபொருள் இருப்பது அங்கிருந்த அதிகாரிகளுக்குத் தெரியாத செய்தி அல்ல என்பதே. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, தொடர்ந்து தீயுடன் போராடுவதா என்பதில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. எல்லோருக்கும் கட்டளையிடும் அதிகாரம் கொண்ட ஒருவர் அங்கு இல்லாமல் போனதால், மதிப்புமிக்க நேரம் கடந்து சென்றது.

ஆகவே பாடம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. எரிவது என்ன என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவலின் அடிப்படையில் விலகுமாறு கட்டளையிட ஒருவருக்கு அதிகாரமும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பயனில்லை.

திரும்பத் திரும்ப நிகழ்ந்தவை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சிற்றூரில், 2013 ஏப்ரல் 17ஆம் தேதி உரக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. தகவல் கிடைத்துச் சுமார் 20 நிமிடங்களில் அமோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் தீயணைப்புக்கும் மீட்புக்கும் வந்தவர்கள்.

2015 ஆகஸ்ட் 12ஆம் தேதி சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கில், வறண்டுபோன நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே தீப்பற்றியது. அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த வெடிப்புகளில் 173 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அவர்களில் 104 பேர் தீயணைப்பு வீரர்கள்.

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் துறைமுகக் கிடங்கில் தீ என்ற தகவலின் பேரில், மருத்துவ உதவியாளர் ஒருவர் உள்பட பத்துப் பேர் கொண்ட குழு அனுப்பப்பட்டது. அங்கு 2,750 டன் அமோனியம் நைட்ரேட் பல ஆண்டுகளாகக் கிடப்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பத்துப் பேரும் உயிரிழந்தனர்.

2022 ஜூன் 4ஆம் தேதி இரவு, வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே சீதாகுண்டாவில் உள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்த பெட்டகங்கள் வெடித்தன. அங்கு பல தீயணைப்பு வீரர்கள் பலியாயினர். பெட்டகங்களில் வேதிப்பொருள் இருப்பது தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அந்நாட்டுத் தீயணைப்பு அதிகாரிகள் கூறினர்.

தண்ணீர் எப்போது போதாது?

தீ எரிய எரிபொருள், வெப்பம், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் தேவை. தண்ணீர் வெப்பத்தைத் தணிக்கிறது. மணலும் நுரையும் காற்றைத் தடுக்கின்றன. வழமையான தீயணைப்பின் அடிப்படை இதுவே. வேதிக் கிடங்குகளில் இந்தக் கணக்கு மாறுகிறது.

அமோனியம் நைட்ரேட் போன்ற பொருட்கள் வெப்பமடையும்போது தங்களுக்குள்ளிருந்தே ஆக்ஸிஜனை வழங்கக் கூடியவை. அவற்றின் மீது மணலைக் கொட்டியோ நுரையைப் பரப்பியோ தீயை மூச்சடைக்கச் செய்ய முடியாது. தொடக்கத்திலேயே ஏராளமான தண்ணீரால் குளிர்விக்க முடிந்தால் உண்டு. அந்த நேரம் கடந்துவிட்டால் விலகிச் செல்வதே வழி.

கால்சியம் கார்பைடு மீது தண்ணீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயு உண்டாகும். சோடியம் தண்ணீருடன் மூர்க்கமாக வினைபுரியும். இத்தகைய பொருட்கள் உள்ள இடத்தில் நல்லெண்ணத்துடன் பாய்ச்சும் நீர்த்தாரையே விபத்தைப் பெருக்கிவிடக் கூடும்.

சமையல் எரிவாயு உருளையின் அபாயம் வேறு வகையானது. தீயில் சிக்கிய உருளைக்குள் திரவம் கொதித்து அழுத்தம் ஏறுகிறது. திரவம் தொடாத மேற்பகுதியின் உலோகம் சூட்டில் வலுவிழந்து கிழிகிறது. அந்தக் கணத்தில் முழு எரிவாயுவும் வெளியேறித் தீக்கோளமாக மாறுகிறது. ஆகவே தொலைவில் இருந்தபடியே உருளையின் மேற்பகுதியைக் குளிர்விக்க வேண்டும் என்று பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது. கசியும் வாயுவை நிறுத்த முடியாதபோது, அதில் எரியும் சுடரை மட்டும் அணைத்துவிடுவதும் ஆபத்தானது. எரியாமல் பரவும் வாயு வேறோர் இடத்தில் தீப்பற்றி வெடிக்கலாம்.

எண்களின் மொழி

அபாயகரமான பொருட்களுக்கு ஐக்கிய நாடுகள் முறைப்படி நான்கு இலக்க எண்கள் வழங்கப்பட்டுள்ளன. பெட்ரோலுக்கு 1203, திரவ எரிவாயுவுக்கு 1075, அமோனியம் நைட்ரேட்டுக்கு 1942. இந்தியச் சாலைகளில் செல்லும் எரிபொருள் லாரிகளின் பின்புறத்தில் இந்த எண்ணைப் பலரும் கண்டிருக்கக் கூடும்.

அதனுடன் காணப்படும் அவசர நடவடிக்கைக் குறியீட்டின் முதல் இலக்கம், எதைக் கொண்டு அணைக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. 1 என்றால் நீர்த்தாரை, 2 என்றால் நீர்த்தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் தண்ணீர் அல்லாத உலர்பொருள். இறுதியில் வரும் ஈ என்ற ஆங்கில எழுத்து, மக்களை வெளியேற்றுவது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு.

லாரியில் உள்ள இந்தப் பலகை, கிடங்கின் வாசலில் இருப்பதில்லை என்பதே பல நாடுகளின் நிலை. கிடங்கில் உள்ள பொருட்களின் பட்டியல் ஒன்று நுழைவாயிலிலும், அதன் பிரதி அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் இருக்குமானால், குழுத் தலைவர் புறப்படும்போதே முடிவெடுக்கத் தொடங்கிவிடலாம். இதற்காகும் செலவு மிகக் குறைவு.

வட அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளில் வைக்கப்படும் அவசரகாலக் கையேடு, வெடிபொருள் ஏற்றிய வாகனத்தையே தீ எட்டிவிட்டால் எல்லாத் திசைகளிலும் 1,600 மீட்டர் தூரத்துக்கு ஆட்களை அகற்றுமாறு கூறுகிறது. கையேடு இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்றும் கற்பிக்கப்படுகிறது. கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்திப் பார்க்கும்போது, விபத்து நடந்த இடம் முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால், நிற்பவர் மிக அருகில் நிற்கிறார் என்பது பொருள்.

உயிரா, உடைமையா?

விலகுவதைக் கற்பிப்பது, துணிவின்மையைக் கற்பிப்பது ஆகாது. 2013 ஏப்ரல் 2ஆம் தேதி அதிகாலை ரங்கூனில் இஸ்லாமியப் பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீயில், அங்கு தங்கிப் படித்த 13 சிறுவர்கள் உயிரிழந்தனர். மாடிப்படிக்கு அடியில் வைக்கப்பட்டிருந்த மின்சாதனம் சூடேறியதே காரணம் எனக் காவல்துறை கூறியது. உள்ளே குழந்தைகள் உறங்கும் கட்டடத்தில், புகைக்குள் நுழைந்து தேடுவது தவிர வேறு வழியில்லை. அங்கே ஒவ்வொரு நொடியும் முக்கியம்.

இந்த இரண்டு சூழல்களையும் வேறுபடுத்திப் பார்க்கவே தீயணைப்புப் பயிற்சி உதவ வேண்டும். பல நாடுகளின் தீயணைப்புப் படைகள் இதற்கென மூன்று படிகளைக் கொண்ட விதியைப் பின்பற்றுகின்றன. காப்பாற்றக் கூடிய உயிர் இருந்தால், அளந்து பார்த்துப் பெரும் அபாயத்தையும் ஏற்கலாம். உடைமையைக் காப்பாற்றச் சிறு அபாயத்தை மட்டுமே ஏற்கலாம். ஏற்கெனவே அழிந்துவிட்ட உயிருக்கோ உடைமைக்கோ எந்த அபாயத்தையும் ஏற்கக் கூடாது.

பூட்டிய கிடங்கில் நள்ளிரவில் எரியும் சரக்கு, இந்த விதியின் கடைசி இரண்டு படிகளில் அடங்குகிறது. அங்கு ஆட்களை நெருங்க விடாமல், ஆளில்லாமல் நிறுத்தக் கூடிய நீர்ப்பீச்சிகளைப் பொருத்திவிட்டு, சுற்றியுள்ள குடியிருப்புகளைக் காலி செய்வதே முதல் பணியாகிறது.

வேடிக்கை பார்க்கக் கூடும் கூட்டம்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் இரவு நேரத்தில் தீப்பிடித்தது. அணைக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது எரிவாயு உருளை வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அங்கு கூடியிருந்த பொதுமக்கள் உள்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் தீக்காயமடைந்தனர்.

தெற்காசிய, தென்கிழக்காசிய நகரங்களில் தீ விபத்து நடந்த சில நிமிடங்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கைபேசியில் படம் பிடிப்பவர்களும் இதில் சேர்ந்துகொண்டுள்ளனர். கூட்டத்தை விலக்குவது காவல்துறையின் வேலை என்று விட்டுவிட முடியாது. முதலில் வந்து சேரும் வண்டியின் குழுவிலிருந்தே ஒருவர் இதற்காக ஒதுக்கப்பட வேண்டும் என்பது கொடுங்கையூர் தரும் பாடம். ரங்கூனைப் போல வட்டாரத் தொண்டர் படை உள்ள நகரங்களில், அத்தொண்டர்களுக்கு இந்தப் பணியில் தனிப் பயிற்சி அளிக்க முடியும்.

பயிற்சித் திடலில் என்ன செய்யலாம்?

தீயணைப்புப் பயிற்சி என்றால் ஏணி ஏறுவதும், குழாய் விரிப்பதும், வேகமாக ஓடுவதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இவை தேவையானவையே. ஆனால் வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் வழங்கும் பயிற்சி, நின்று யோசிப்பவரைத் தோற்றவராக ஆக்கிவிடும்.

வந்திறங்கியவுடன் கட்டடத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்ப்பது, புகையின் நிறத்தையும் வேகத்தையும் கவனிப்பது, காவலாளியிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்பது, காற்றின் திசைக்கு மேற்புறமாக வண்டியை நிறுத்துவது, தேவைப்பட்டால் உடனே வெளியேறும்படி வண்டியின் முகப்பை வெளிப்புறம் நோக்கி வைப்பது ஆகியன பயிற்சியில் பழக வேண்டிய முதல் நிமிடப் பணிகள். மூடிய கடையின் இடுக்குகளில் புகை மூச்சுவிடுவது போல உள்ளே இழுத்து வெளியே தள்ளப்பட்டால், கதவைத் திறந்த கணமே தீ சீறிப் பாயும் என்பதையும் வீரர் அறிந்திருக்க வேண்டும்.

உள்ளே செல்பவர்களின் பெயரையும், அவர்களது சுவாசக் கருவியில் உள்ள காற்றின் அளவையும் வாசலில் ஒருவர் பலகையில் குறித்துக்கொள்வது நடைமுறையாக வேண்டும். எவரும் தனியாக உள்ளே செல்லக் கூடாது. விலகுவதற்கென்று எல்லோரும் அறிந்த ஒரே ஒலிக்குறி இருக்க வேண்டும். அந்த ஒலி கேட்டவுடன் குழாயைப் போட்டுவிட்டு வெளியேறுவதும், வெளியே தலை எண்ணுவதும் மாதந்தோறும் ஒத்திகை பார்க்கப்பட வேண்டும். விலை உயர்ந்த குழாயை விட்டுவிட்டு வந்தவரைக் கண்டிக்கும் படையில் இந்தப் பழக்கம் வேரூன்றாது.

உபகரணங்களிலும் இடைவெளி உள்ளது. மியன்மாருக்கு ஜப்பான் பல தடவைகள் பயன்படுத்தப்பட்ட தீயணைப்பு வண்டிகளை நன்கொடையாக வழங்கியுள்ளது. வண்டிகள் வந்து சேர்வது எளிது. அவற்றை இயக்குபவருக்கு வேதிப்பொருள் பற்றிய அறிவும், முடிவெடுக்கும் அதிகாரமும் வந்து சேர்வதற்கே காலம் பிடிக்கிறது. 2021ஆம் ஆண்டு ராணுவப் புரட்சிக்குப் பின்னர் ரங்கூனில் மின்வெட்டு கடுமையானதால், வீடுகளிலும் கடைகளிலும் மின்பிறப்பாக்கிகளும் அவற்றுக்கான எரிபொருளும் பெருகியுள்ளன. தீயணைப்பாளர்கள் எதிர்கொள்ள வேண்டிய அறியாத பொருட்களின் பட்டியல் இதனால் மேலும் நீண்டுள்ளது.

மூங்கில் வீடுகளின் காலத்தில், வட்டாரத் தொண்டர்களுக்கு எந்த வீட்டின் கூரை எதனால் வேயப்பட்டது என்பது தெரிந்திருந்தது. எந்த வீட்டைக் கைவிட்டு எந்த வீட்டைக் காப்பது என்று முடிவெடுக்க அவர்களால் முடிந்தது. இன்று கிடங்கின் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும் குழுத் தலைவருக்கு அதே இரண்டு வசதிகள் கிடைப்பதில்லை. 2011 டிசம்பரில் ரங்கூனில் வீடு திரும்பாத தீயணைப்பு வீரர்களின் மரணம், அவற்றைத் திரும்பப் பெற்றுத்தருவது தீயணைப்புப் படையின் கடமை மட்டுமல்ல, கிடங்கை நடத்துபவருக்கும் அதற்கு அனுமதி வழங்குபவருக்கும் உரிய கடமை என்பதைச் சுட்டிக்காட்டுகிறது.